மோட்டார் பட்டறைக் குடும்பத்துக்கு எந்த மருத்துவக் காப்பீடு? மன்னார்குடியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் குடும்பம், காவிரிப் படுகையில் சொந்தத் தொழில் செய்யும் பலருடைய நிலைமையைச் சேர்த்து அமைத்த மாதிரி. பில் தொகை, பிரீமியம் ஆகியவை கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. விதிகளும் வரம்புகளும் அப்படியல்ல. அவை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அரசும் வகுத்தவை, அல்லது சந்தையில் வழக்கமாக உள்ளவை.

குடும்பமும் வருமானமும்

மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. உரிமையாளருக்கு வயது 44. மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார்; ஊசி இல்லை, இதுவரை மருத்துவமனையில் படுத்ததில்லை. மனைவிக்கு 39, வீட்டிலேயே தையல், தைராய்டுக்குத் தினம் ஒரு மாத்திரை. மகளுக்கு 15, மகனுக்கு 11. அம்மாவுக்கு 68, இரத்தக் கொதிப்பு உண்டு, ஒரு கண்ணில் புரை முற்றிக்கொண்டிருக்கிறது, முட்டி தேய்மானம். பட்டறையில் உதவிக்கு இரண்டு பேர். பத்துப் பேருக்குக் குறைந்த இடம் என்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடையாது. இருந்தாலும் அது வேலையாட்களுக்குத்தான், முதலாளிக்கு வராது.

ஆண்டு வருமானம் ஏறக்குறைய 4,80,000 ரூபாய். ஆனால் மாதம் 40,000 என்று அது வருவதில்லை. பங்குனி தொடங்கி வைகாசி வரை போர்வெல் மோட்டார்கள் ஓய்வின்றி ஓடும், காயில் எரியும், பட்டறையில் இடமிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் மோட்டாரைத் தொடுவாரில்லை. அதோடு விவசாயிகளுக்குச் செய்த வேலையில் பாதி "அறுப்பு முடிஞ்சதும் தர்றேன்" கணக்கு. கையிருப்பில் பெரும்பகுதி காப்பர் கம்பியாகவும் வெளிப் பாக்கியாகவும் முடங்கிக் கிடக்கும்.

இந்த வீட்டுக்கான பாலிசியைத் தீர்மானிப்பது இந்தக் கடைசி விஷயம்தான். மாதச் சம்பளக்காரர் மூன்று லட்சத்தை முதலில் கட்டிவிட்டு, பின்னால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியலாம். இவரால் முடியாது. கட்டவேண்டுமென்றால் நகை அடகுக்குப் போகும். ஆகவே பிரீமியம் பட்டியலை ஒப்பிடுவதிலிருந்து தொடங்காமல், டிஸ்சார்ஜ் அன்று பில் கவுன்ட்டரில் என்ன நடக்கும் என்பதிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். அப்படி வந்தால், மலிவாகத் தெரிந்த பாதிப் பாலிசிகள் தாமாகவே கழன்றுவிடும்.

அரசுத் திட்டம் எதுவரை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும். தகுதி உள்ளவர்கள் வேறெதையும் யோசிக்குமுன் இந்த அட்டையை வாங்கிவிட வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான் என்றாலும், இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்ற பெரிய செலவுகளைத் தாங்கும் திட்டம் அது.

நம் குடும்பம் வரம்பைத் தாண்டிவிட்டது. வங்கிக் கடனுக்காக 4,80,000 காட்டி வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துவிட்டு, அட்டைக்காக 96,000 என்று சான்று வாங்குவது சிலர் சொல்லித்தரும் வழி. அது பொய்ச் சான்று. ஆதாரும் பான் எண்ணும் இணைந்திருக்கும் காலத்தில், நோயாளி படுக்கையில் இருக்கும்போது அட்டை கைவிட்டால் அன்றைக்கு மாற்று வழி கிடையாது.

70 வயதானவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் 5 லட்சம் வரை தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அம்மாவுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. அந்த வயது வந்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு நடைமுறையைக் கேட்கவேண்டும். அதை நம்பி இப்போது அவருக்கு ஒன்றும் எடுக்காமல் விடுவது சரியல்ல.

எந்த மருத்துவமனை, எந்த அறை

மன்னார்குடியில் நெஞ்சுவலி வந்தால் எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டால் வீட்டில் ஒரே பதில்தான் வரும்: தஞ்சாவூர். அங்கே முடியாதென்றால் திருச்சி. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரியும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. விபத்து, பாம்புக்கடி என்றால் அங்கே போவதுதான் சரி. தனியார் மருத்துவமனைக்குப் போவதென்றால், தஞ்சாவூரில் இரண்டு, திருச்சியில் ஒன்று, உள்ளூரில் ஒன்று என்று நான்கு பெயரை முதலில் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு அந்த நான்கு இடத்துக்கும் போன் செய்து இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் பேசவேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் இணையப் பட்டியலில் பெயர் இருப்பது போதாது. ஒப்பந்தம் முடிந்தும் பெயர் மட்டும் கிடப்பதுண்டு. கேட்கவேண்டியவை: இந்த நிறுவனத்துக்கு இப்போது கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது) நடக்கிறதா? அட்மிஷனின்போது டெபாசிட் எவ்வளவு கேட்பீர்கள்? தனி அறை வாடகை ஒரு நாளுக்கு எவ்வளவு? கடைசியாக இந்த நிறுவனம் எந்தத் தலைப்பில் பணத்தைப் பிடித்தது? நான்காவது கேள்விக்குக் கவுன்ட்டரில் இருப்பவர் தரும் பதில், விளம்பரத் தாளில் கிடைக்காத தகவல்.

உள்ளூர் நர்சிங் ஹோம் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. சுகாதாரத் துறையில் முறையாகப் பதிவான மருத்துவமனையா என்பதை முதலில் பார்ப்பார்கள். பதிவு இல்லையென்றால், 10 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 உள்நோயாளிப் படுக்கை, 24 மணி நேரமும் தகுதியுள்ள செவிலியரும் மருத்துவரும், வசதியுள்ள அறுவை அரங்கு, நோயாளிவாரியாகத் தினப் பதிவு எல்லாம் வேண்டும். கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி எல்லாம் இந்தக் கணக்கில் வரும் ஊர்கள்தான். பதிவும் இல்லாமல் ஆறு கட்டில் போட்ட கிளினிக்கில் நான்கு நாள் டெங்குக்குப் படுத்துவிட்டு பில்லை அனுப்பினால், நோய் உண்மையாக இருந்தும் க்ளெய்ம் திரும்பிவரும்.

அடுத்து அறை. இங்கேதான் பணம் அதிகம் போகிறது. 5 லட்சம் பாலிசி, அறை வாடகை 1 சதவீதம் வரை என்று வைத்துக்கொள்வோம். அதாவது நாளுக்கு 5,000. நோயாளியை 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் வைத்தால், 12,000 ரூபாய்தான் கையை விட்டுப் போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு.

பில் இப்படி: அறை 32,000, அறுவை மருத்துவர், அரங்கு, நர்சிங் கட்டணம் 1,20,000, மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்திய கருவி 90,000, கையுறை, முகக்கவசம் போன்ற சில்லறைப் பொருட்கள் 18,000. மொத்தம் 2,60,000. அனுமதித்த 5,000, எடுத்த 8,000 என்பதால் விகிதம் 62.5 சதவீதம். அறைக்கு 20,000 கிடைக்கும். மருத்துவர், அரங்கு, நர்சிங் கட்டணத்தையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள், 1,20,000க்கு 75,000தான். மருந்து, பரிசோதனை, பொருத்திய கருவி ஆகியவற்றை இப்படி வெட்டக் கூடாது என்பது விதி. அந்த 90,000 முழுதாக வரும். சில்லறைப் பொருட்களுக்கு அதற்கான கூடுதல் காப்பு எடுத்திருந்தாலொழிய ஒன்றும் கிடைக்காது. நிறுவனம் தருவது 1,85,000. கையிலிருந்து 75,000.

அறை வகைக்கேற்ப மற்றக் கட்டணங்கள் மாறாத மருத்துவமனையில் இந்த விகித வெட்டு போடக் கூடாது, ஐ.சி.யூ. கட்டணத்திலும் போடக் கூடாது. போட்டிருந்தால் எழுதிக் கேட்கலாம். ஆனாலும் எங்கள் தேர்வு, அறை வாடகைக்கு வரம்பே இல்லாத பாலிசி, அல்லது ரூபாய்க் கணக்கு இல்லாமல் "ஒருவர் தங்கும் தனி ஏ.சி. அறை" என்று அறை வகையைச் சொல்லும் பாலிசி. வாடகை ஆண்டுதோறும் ஏறும். ரூபாயில் எழுதிய வரம்பு ஏறாது.

எவ்வளவு தொகைக்கு, யார் யாருக்கு

அம்மாவையும் சேர்த்து ஐந்து பேருக்கும் ஒரே ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதும் ஒரே காப்புத் தொகையைப் பகிரும் பாலிசி) என்பதுதான் முகவர்கள் முதலில் காட்டுவது. எளிமைதான், ஆனால் ஃப்ளோட்டரின் பிரீமியத்தை வீட்டில் மூத்தவரின் வயது தீர்மானிக்கிறது. 68 வயதை உள்ளே வைத்தால் 11 வயதுப் பையனுக்கும் சேர்த்து அந்த வயதின் சுமை ஏறும். போதாததற்கு, அம்மாவின் முட்டிக்கோ இருதயத்துக்கோ தொகை தீர்ந்தால் மற்ற நால்வருக்கும் அந்த ஆண்டு மிச்சம் குறைவு. எனவே கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு ஃப்ளோட்டர். அம்மாவுக்குத் தனிப் பாலிசி.

நால்வருக்கும் சேர்த்து 10 லட்சம் வேண்டும். அடிப்படைப் பாலிசியையே 10 லட்சமாக எடுக்கப் பணம் போதவில்லையென்றால், 5 லட்சம் அடிப்படையும் அதற்குமேல் சூப்பர் டாப்-அப்பும் எடுக்கலாம். வெறும் டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. ஒரே ஆண்டில் 4 லட்சம் ஒருமுறை, 3 லட்சம் ஒருமுறை பில் வந்தால், 5 லட்சம் கழிவுள்ள (அதைத் தாண்டிய செலவை மட்டும் தரும்) டாப்-அப் ஒரு ரூபாயும் தராது. ஏனென்றால் ஒவ்வொரு பில்லும் தனித்தனியாக 5 லட்சத்துக்குக் கீழே. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 7 லட்சம் என்று பார்க்கும். அடிப்படை 5 போக மீதி 2 லட்சத்தைத் தரும். விலையில் வேறுபாடு சிறிது, பயனில் பெரிது. இரண்டும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் கேஷ்லெஸ் கோரிக்கை ஒரே கவுன்ட்டரில் முடியும்.

தொகை தீர்ந்தால் மறுபடி நிரப்பும் வசதி பல பாலிசிகளில் இருக்கிறது. அதே ஆளின் அதே நோய்க்கும் நிரம்புமா என்று பார்க்கவேண்டும். வேறு நோய்க்கு மட்டும் என்றால், டயாலிசிஸ், கீமோ போன்ற தொடர் சிகிச்சைக்கு உதவாது.

அம்மாவுக்கான பாலிசியில் கோ-பே (பில்லில் ஒரு பங்கை நாமே கட்டுவது) தவிர்ப்பது கடினம். மூத்தோர் திட்டங்களில் 20 அல்லது 30 சதவீதம் வழக்கம். 3 லட்சம் பில்லில் 20 சதவீதம் என்றால் 60,000 நம் பங்கு. அதைத் தனியாக ஒதுக்கி வைக்கவேண்டும். கண்புரைக்கு வழக்கமாக இரண்டு ஆண்டு காத்திருப்பு (பாலிசி எடுத்தும் அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம்), அதன்பிறகும் ஒரு கண்ணுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு. முற்றிய புரையை அதுவரை வைத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே அறுவை செய்துகொள்ளலாம். இந்த ஒன்றுக்காக அம்மாவின் பாலிசியை எடைபோடத் தேவையில்லை. 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்குமேல் பிரீமியம் ஏற்றுவதானால் ஆணையத்தைக் கலந்தபிறகே செய்யவேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருப்பது இந்த வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு.

படிவம்

க்ளெய்ம் மறுக்கப்படும் இடம் மருத்துவமனை; அதற்கான காரணம் உருவாவது பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில், படிவம் நிரப்பும்போது. முகவர் உறவுக்காரராகவோ தெரிந்த பையனாகவோதான் இருப்பார். "அண்ணே, சுகர்னு போட்டா ஃபாரம் திரும்பி வந்துரும்ணே. மாத்திரைதானே போடுறீங்க, ஆஸ்பத்திரியிலயா படுத்தீங்க?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் "இல்லை" என்று டிக் அடித்த அந்தக் கட்டத்தின்கீழ் கையெழுத்து பட்டறைக்காரருடையது.

உண்மையை எழுதினால் என்ன ஆகும்? நிறுவனம் மூன்று மாதச் சர்க்கரை சராசரிப் பரிசோதனை கேட்கும். கட்டுக்குள் இருந்தால் கொஞ்சம் பிரீமியம் ஏற்றி ஏற்றுக்கொள்ளும். சர்க்கரையும் அதிலிருந்து நேரடியாக வரும் சிக்கல்களும் காத்திருப்புக் காலத்தில் கிடைக்காது. அந்தக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. "சுகர் எழுதினா எதுக்குமே பணம் வராது" என்பது தவறான பேச்சு. குடல்வால், டெங்கு, நிமோனியா எல்லாம் முதல் 30 நாள் கழிந்ததும் கிடைக்கும். கை முறிவு போன்ற விபத்துக்கு அந்த 30 நாளும் இல்லை. காலில் ஆறாத சர்க்கரைப் புண், சிறுநீரகக் கோளாறு போன்றவைதான் மூன்று ஆண்டு காத்திருக்கவேண்டியவை. கூடுதல் பிரீமியம் கட்டினால் காத்திருப்பைக் குறைத்துத் தரும் திட்டங்களும் உண்டு. பட்டறையில் வெறுங்காலோடு காப்பர் துண்டுகளுக்கிடையே நிற்பவருக்குக் கால்புண் அபாயம் நிஜம். கூடுதல் செலவு பிரீமியத்தில் 15 சதவீதத்துக்குள் என்றால் எடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. மனைவியின் தைராய்டையும் எழுதவேண்டும். சின்ன விஷயம் என்று விடப்படுவதில் அதுதான் முதலிடம்.

பாலிசி வந்ததும், நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு "இல்லை"யையும் சரிபார்க்கவேண்டும். பிடிக்கவில்லையென்றால் திருப்பிக்கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. தவறு இருந்தால் அந்த நாட்களுக்குள்ளேயே மின்னஞ்சலில் திருத்தம் எழுதிவிட வேண்டும்.

நேர்மையாக எழுதியவரும் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அட்மிஷனின்போது டியூட்டி டாக்டர் "சர்க்கரை எத்தனை நாளா?" என்று கேட்பார். பதற்றத்தில் கூட இருப்பவர் "அது ரொம்ப நாளா இருக்குங்க, ஏழெட்டு வருஷம் இருக்கும்" என்பார். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரியில் அச்சாகும். படிவத்தில் மூன்று ஆண்டு, சம்மரியில் எட்டு ஆண்டு. மறுப்புக் கடிதத்துக்கு இது போதும். முதன்முதலில் சர்க்கரை கண்டறிந்த லேப் ரிப்போர்ட்டின் தேதியை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சம்மரியில் தவறாக ஏறிவிட்டால், டிஸ்சார்ஜ் ஆகுமுன்பே சிகிச்சை தந்த மருத்துவரிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டித் திருத்தக் கடிதம் வாங்கவேண்டும்.

தொடர்ந்து 60 மாதம் விடாமல் புதுப்பித்துவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணத்துக்காகப் பழைய நோயை மறைத்தார் என்று க்ளெய்மை மறுக்க முடியாது. தொகையைப் பின்னால் கூட்டினால், கூட்டிய பகுதிக்கு இந்த 60 மாதம் புதிதாக எண்ணப்படும். ஆகவே தொகையைத் தொடக்கத்திலேயே போதுமான அளவு வைப்பது லாபம்.

எந்த மாதத்தில் தொடங்குவது

எதையும் தீபாவளிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற பழக்கம் இங்கே வேண்டாம். பாலிசி தொடங்கும் தேதிதான் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் தேதி. ஐப்பசியில் தொடங்கினால் பட்டறை காலியாக இருக்கும் மாதத்தில்தான் வாழ்நாள் முழுவதும் கட்டவேண்டும். இந்தக் குடும்பத்துக்குச் சித்திரை, வைகாசி. சம்பா அறுவடையை நம்பிக் கடை நடத்துபவருக்கு மாசி, பங்குனி.

ஆண்டுக் கட்டணத்தில் 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் காத்திருப்பில் சேர்ந்த மாதங்கள் அழியாது. ஆனால் தேதி தாண்டியதிலிருந்து கட்டும் நாள்வரை மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவு கிடைக்காது. மாதத் தவணையில் சலுகை 15 நாள்தான், அந்த நாட்களில் காப்பு தொடரும். க்ளெய்ம் வந்தால் மீதித் தவணைகளைக் கழித்துக்கொள்வது வழக்கம். வருமானம் ஏறி இறங்கும் வீட்டுக்கு ஆண்டுக்கொருமுறை கட்டுவதே பாதுகாப்பு. இரண்டு பாலிசிக்கும் சேர்த்து 48,000 ஆகிறதென்றால், சீசன் மூன்று மாதமும் மாதம் 16,000 எடுத்துவைத்தால் முடிந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை. முகவர் காட்டும் தாளில் வரி சேர்ந்திருந்தால் அது பழைய கணக்கு. "டேக்ஸ் மிச்சமாகும்" என்ற வாதமும் இவருக்குப் பொருந்தாது. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கான 80டி வரிக் கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். 4,80,000 வருமானத்துக்கு இரண்டு முறையிலும் தள்ளுபடி போக வரியே வராது.

பட்டறை மூடிக் கிடக்கும் நாட்கள்

மருத்துவக் காப்பீடு மருத்துவமனைக்குத்தான் பணம் தரும். கை முறிந்து எட்டு வாரம் பட்டறை பூட்டிக் கிடந்தால் வீட்டுச் செலவுக்கு ஒன்றும் வராது. அதற்கு வாராந்திர இழப்பீடு உள்ள தனிநபர் விபத்துக் காப்பீடு வேண்டும். காப்புத் தொகையில் வாரம் 1 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு என்பது வழக்கமான அமைப்பு. வருமானச் சான்றாக வரிக் கணக்கு கேட்பார்கள். வரி கட்டவேண்டியதில்லை என்றாலும் ஆண்டுதோறும் தாக்கல் செய்வதன் பயன் இங்கே தெரியும். தொழில் என்ற இடத்தில் "வியாபாரம்" என்று பொதுவாக எழுதாமல், மோட்டார், மின்சார வேலை என்றே எழுதவேண்டும். இதோடு, வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடும்: விபத்து மரணத்துக்கு 2 லட்சம். கணவன், மனைவி, அம்மா மூவரும் சேரலாம். 70 வயது வரை உண்டு.

அட்மிஷன் அன்றும் அதற்குப் பிறகும்

திட்டமிட்ட அறுவை என்றால் 48 மணி நேரம் முன்பே தகவல் சொல்லவேண்டும். அவசரம் என்றால் சேர்த்த 24 மணி நேரத்துக்குள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு, டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்பது 2024 விதி. அதற்குமேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் வாடகை போட்டால் அதை நிறுவனம் ஏற்கவேண்டும். "செக்கப்புக்காகத்தான் சேர்த்தார்கள்" என்ற மறுப்பு அடிக்கடி வருவது. வெறும் பரிசோதனைக்காக உள்நோயாளியாகப் படுப்பது காப்பில் இல்லை. எந்தச் சிகிச்சைக்காகச் சேர்த்தோம் என்று மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கவேண்டும்.

மறுத்தால் பிரிவு எண்ணோடு எழுத்தில் காரணம் கேட்க உரிமை உண்டு. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, கூடவே ஆணையத்தின் பீமா பரோசா என்ற இணையப் புகார் தளம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்; தமிழ்நாடும் புதுச்சேரி நகரமும் காரைக்காலும் அவருடைய எல்லை. 50 லட்சம் வரை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை, மறுப்பு வந்த ஓர் ஆண்டுக்குள் போகவேண்டும்.

இந்த வேலைகளையெல்லாம் படுக்கையில் இருப்பவர் செய்ய முடியாது. பெரும்பாலான வீடுகளில் பாலிசி எண், பதிவு செய்த கைப்பேசி, மின்னஞ்சல் மூன்றும் கணவரிடம் மட்டும் இருக்கும், ஓ.டி.பி. அவர் போனுக்கு வரும், அவர் ஐ.சி.யூ.வில் இருப்பார். மனைவியின் எண்ணையும் பதிவு செய்து, அட்டைகளின் படம், நான்கு மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் கவுன்ட்டர் எண்கள், சர்க்கரை கண்டறிந்த லேப் ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் அவருடைய போனிலும், 15 வயது மகளின் கைக்கு எட்டும் ஒரு ஃபைலிலும் வைக்கவேண்டும்.